பணம் வந்தது, நாள்தான் தவறியது: ஊர் உதவித்தொகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊர்ப் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை வழங்கும் குழுக்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், முக்கியமாகப் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு குழு எனக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணம் முழுவதும் வட்டிக்குப் போனது.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்தது. கல்லூரியில் இடமும் கிடைத்தது. அந்த இடத்தைப் பிடித்து வைக்கப் பத்து நாளுக்குள் பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோது, குழுவின் விண்ணப்பப் படிவம்கூட அச்சாகியிருக்கவில்லை. அம்மா தெரிந்த ஒருவரிடம் கடன் வாங்கினார். கல்லூரி திறந்து நான்காவது மாதம், ஆண்டு விழா மேடையில் என் பெயரைக் கூப்பிட்டு உறையைக் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று மாலையே உறை கைமாறியது. கடன் கொடுத்தவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "வட்டிக்குச் சரியாப் போச்சு, அசல் அப்படியே இருக்கு" என்றார்.

நன்றி மறந்து இதை எழுதவில்லை. முகம் தெரியாத சிலர் என் படிப்புக்காகத் தங்கள் பையிலிருந்து பணம் எடுத்தார்கள் என்ற நினைப்பு அந்த நாட்களில் எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அந்தப் பணம் ஐந்து மாதம் முன்னால் வந்திருந்தால், அதில் பாதித் தொகையே எனக்கு இரண்டு மடங்கு உதவியிருக்கும். உங்களிடம் நான் கேட்க வந்தது இதைத்தான். தொகையைக் கூட்டச் சொல்லவில்லை. தேதியை மாற்றுங்கள் என்கிறேன்.

பின்னாளில் நானே வேலைக்குப் போய், வேறோர் இடத்தில் இதே மாதிரி ஒரு குழுவில் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்தேன். உள்ளே போன பிறகுதான் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. யாரும் வேண்டுமென்று இழுத்தடிப்பதில்லை. வங்கியில் போட்டிருக்கும் வைப்புத்தொகையின் வட்டி ஒரு குறிப்பிட்ட மாதத்தில்தான் வரும். கணக்குத் தணிக்கை முடியாமல் பொருளாளர் காசோலையில் கை வைக்க மாட்டார். விண்ணப்பங்களைப் படிக்க ஐந்து பேர் கூட வேண்டும், ஐந்து பேருக்கும் ஒரே நாள் ஓய்வு கிடைக்காது. கடைசியாகச் சிறப்பு விருந்தினர். அவர் தேதி கொடுத்த பிறகுதான் விழா, விழாவில்தான் பணம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். எல்லாம் சேரும்போது ஒரு பிள்ளையின் முதல் பருவமே முடிந்துபோகிறது.

எங்கள் படிவத்தில் ஒரு வரி இருந்தது: கல்லூரியில் சேர்ந்ததற்கான கட்டண ரசீதை இணைக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் ஆண்டு ஒரு பெண்ணின் தந்தை படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சேர்ந்த ரசீதைக் காட்டினால் சேர்வதற்குப் பணம் தருவீர்களா? ரசீது வாங்கத்தானே ஐயா பணம் கேட்கிறேன்?" என்றார். அறையில் யாரும் பேசவில்லை. எனக்கு அம்மா வாங்கிய கடன் ஞாபகம் வந்தது.

அந்த வரியை எடுக்கலாம் என்று நான் சொன்னதும் எழுந்த எதிர்ப்பு, உங்கள் கூட்டத்திலும் எழும். "பணத்தை வாங்கிக்கொண்டு சேராமல் போய்விட்டால்?" சரி, நியாயமான கேள்விதான். இடத்தை உறுதிசெய்யும் தொகையை மாணவர் கையில் கொடுக்காமல் நேராகக் கல்லூரிக்கே கட்டிவிடலாம் என்று முடிவுசெய்தோம். அதற்குப் பிறகு நான் இருந்த ஆண்டுகளில் ஒரே ஒரு மாணவர்தான் சேர்ந்துவிட்டு விலகினார். கல்லூரி திருப்பிக் கொடுத்த தொகையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஒரே ஒருவரைப் பற்றிய பயத்தில் அதுவரை எத்தனை பேரைக் கடன்காரர் வாசலுக்கு அனுப்பினோமோ.

தேர்வு முடிவுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கின்றன. பள்ளி கையை விட்டுவிட்டது, கல்லூரி இன்னும் கையைப் பிடிக்கவில்லை. ஆசிரியர்கள் விடுமுறையில் இருப்பார்கள். அந்த வாரங்களில்தான் வீட்டில் பேச்சு மாறும்: இந்த வருடம் வேலைக்குப் போ, அடுத்த வருடம் பார்க்கலாம். அந்த அடுத்த வருடம் பலருக்கு வருவதே இல்லை. அமெரிக்காவில் இதற்குக் கோடையில் கரைந்துபோவது என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெஞ்சமின் காஸில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரிக்குப் போவதென்று முடிவுசெய்து பள்ளியை முடித்தவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் வகுப்பு தொடங்கும்போது அங்கே இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகமுள்ள சில இடங்களில் இது 40 சதவீதம் வரை போகிறது. இவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர். கல்லூரிக்குப் போக முடிவெடுத்தவர்கள், பெரும்பாலோர் இடமும் கிடைத்தவர்கள். நாம் விழாவில் கொடுக்கும் உறை இவர்களில் ஒருவருக்கும் போய்ச் சேராது, ஏனென்றால் விழா நடக்கும்போது இவர்கள் மாணவர்களே இல்லை. நம் பயனாளிகள் பட்டியலில் இருப்பவர்கள் எப்படியோ கடன் உடன் வாங்கிச் சேர்ந்துவிட்டவர்கள் மட்டும்தான். "நாங்கள் உதவிய பிள்ளைகள் எல்லோரும் படித்து முடித்தார்கள்" என்று ஆண்டறிக்கையில் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

(உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகின்றன என்று முணுமுணுப்பீர்கள். என்ன செய்வது, அங்கே இதையெல்லாம் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் விழாப் படங்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.)

முன்கூட்டியே சொல்வதற்கு எவ்வளவு பலம் என்பதற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் செய்த ஒரு சோதனையை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொருளாதாரப் பேராசிரியர் சூசன் டைனார்ஸ்கியும் அவருடன் இருந்தவர்களும் 2015இல் அதைத் தொடங்கினார்கள். நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பள்ளி இறுதியாண்டின் தொடக்கத்திலேயே, விண்ணப்பிக்கும் முன்பே, ஒரு கடிதம் அனுப்பினார்கள். உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுகள் கல்விக் கட்டணம் கிடையாது, வருமானச் சான்று எதுவும் நிரப்ப வேண்டாம் என்று உறுதி சொன்ன கடிதம். பெற்றோருக்கும் பள்ளித் தலைமைக்கும்கூடத் தகவல் போனது. கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26 சதவீதம். சேர்ந்தவர்கள் 27 சதவீதம், அந்தப் பக்கம் 12 சதவீதம். இதில் வேடிக்கை என்னவென்றால், கடிதம் வராத பிள்ளைகளும் விண்ணப்பித்து இடம் வாங்கியிருந்தால் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ அதே உதவி எப்படியும் கிடைத்திருக்கும். பணத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஒரு தரப்புக்கு அது முன்னாலேயே, உறுதியாக, தன் பெயர் போட்ட கடிதத்தில் வந்தது. மறு தரப்பு "கிடைத்தாலும் கிடைக்கலாம்" என்று ஊகிக்க வேண்டியிருந்தது. இல்லாத வீட்டில் ஊகத்தை நம்பி யாரும் முன்பணம் கட்ட மாட்டார்கள்.

அதே மாநிலத்தில் கலமசூ என்ற நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2005 நவம்பரில், பெயர் சொல்ல விரும்பாத சில நன்கொடையாளர்கள் ஓர் உறுதி கொடுத்தார்கள். அந்த ஊரின் அரசுப் பள்ளிகளில் மழலை வகுப்பிலிருந்தே படித்து முடிக்கும் பிள்ளைக்கு மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் முழுக் கட்டணம், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவருக்கு 65 சதவீதம். மதிப்பெண் வரம்பு கிடையாது, வருமான வரம்பு கிடையாது. பள்ளி முடித்துப் பத்து ஆண்டுகளுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்ஜான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பின்னால் பார்த்தபோது, பட்டமோ சான்றிதழோ பெற்றவர்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் பணத்தோடு ஓர் உறுதியும் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கே தனக்கு வரப்போவது தெரியும். அந்த உறுதியைக் கொடுக்க நமக்குப் பெரும் பணம் தேவையில்லை. இரண்டு பேருக்கு மட்டுமே நம்மால் முடியும் என்றாலும், அந்த இரண்டு பேருக்கு இறுதியாண்டின் பாதியிலேயே சொல்லிவிடலாமே.

அதற்குத் தடையாக இருப்பது நம் தேர்வு முறை. மதிப்பெண் வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஆறு பேருக்குக் கொடுக்க மதிப்பெண் பட்டியலின் முதல் ஆறு பெயர்களை எடுப்பது சுலபம், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் முதல் ஆறு பேருக்கு வேறு உதவித்தொகைகளும் வரும். பட்டியலின் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு நாம் மட்டும்தான். அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, வீட்டில் நிலைமை என்ன என்பது வகுப்பாசிரியருக்கு இறுதியாண்டின் தொடக்கத்திலேயே தெரியும். அவரிடம் கேட்டுப் பெயரை முடிவுசெய்துவிட்டு, தேர்ச்சி பெற்று இடம் கிடைத்தால் போதும் என்று ஒரே நிபந்தனை வைக்கலாம். முடிவு வந்த அன்றே பணம் புறப்படும்.

கட்டுரை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்லப்போகிறேன். "உன் குடும்பச் சூழ்நிலையை 500 சொற்களில் விவரி" என்று கேட்கிறோம் அல்லவா? ஆறு ஆண்டுகள் அந்தக் கட்டுரைகளைப் படித்தேன். நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளையின் கஷ்டம் பெரிய கஷ்டமாகத் தெரிகிறது. மிகவும் அடிபட்ட பிள்ளை நான்கு வரியில் முடித்துவிடுகிறது. ஒரு மாணவன் "அப்பா இல்லை. அம்மா வேலைக்குப் போகிறார். நான் படிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். ஒரு உறுப்பினர், ஆர்வம் போதவில்லை என்று மதிப்பெண் குறைத்தார். பதினேழு வயதில் தன் வீட்டு வறுமையை அந்நியர்களுக்கு அழகாக எழுதிக் காட்ட வேண்டிய கட்டாயத்தை நாம் ஏன் உண்டாக்குகிறோம்? அப்புறம் அந்தக் கட்டுரையைப் படித்த அதே முகங்கள் விழாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும், பிள்ளை மேடை ஏற வேண்டும். நான் ஏறினேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு எங்கள் வீட்டுக் கடன் எவ்வளவு என்று தெரியும் என்ற நினைப்பில் நிமிர்ந்து பார்க்காமல் இறங்கி வந்தேன். இவ்வளவும் செய்து, அந்தக் கட்டுரைகளைப் படித்து முடிக்க நாம் எடுத்துக்கொள்வது இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம்தான் பிள்ளைக்கு இல்லாத இரண்டு மாதம்.

கட்டுரையைப் படிக்கும் நேரத்தை வேறு எதற்குச் செலவிடலாம் என்று கேட்டால், படிவம் நிரப்ப. விளையாட்டாகச் சொல்லவில்லை. அரசு உதவி, கல்லூரிச் சலுகை, வங்கிக் கடன் என்று நம்முடையதைவிடப் பல மடங்கு பெரிய தொகைகள் படிவங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிக்கணக்கு நிறுவனத்தின் அலுவலகங்களில் ஓர் ஆய்வு நடந்தது. வரிக்கணக்கு எழுத வந்த பெற்றோருக்கு, அங்கேயே உட்காரவைத்துக் கல்வி உதவிப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். சில நிமிட வேலை. அந்த வீட்டுப் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளை முடித்தவர்கள் 28இலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, உங்களுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அதனால் ஒரு மாற்றமும் இல்லை. துண்டுப் பிரசுரம் அடிக்கும் செலவை இனி யோசித்துச் செய்யுங்கள்.

படிவத்தை நினைவூட்டும் குறுஞ்செய்தியும் அப்படித்தான். மாணவருக்குத் தெரிந்த ஆலோசகர் பக்கத்தில் இருந்து செய்தி அனுப்பிய சிறு முயற்சிகள் சில பலன் தந்தன. அதையே பெரிய அளவில், எட்டு லட்சத்துக்கும் மேலான மாணவர்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது விளைவு எதுவும் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. யாரோ அனுப்பும் செய்தியை யார் படிக்கிறார்கள்? நாம் அப்படி இல்லை. பிள்ளைக்கு நம் முகம் தெரியும். நம் குரல் அடையாளம் தெரியும். பெரிய அறக்கட்டளைகளுக்கு இல்லாத வசதி இது.

இன்னொரு வசதியும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்ற ஊரில் இர்விங் ஃபிராட்கின் என்று ஒரு கண் பரிசோதகர் இருந்தார். கண்ணாடிக்கு அளவு பார்ப்பவர். ஊரில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று சொல்லி 1957இல் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்றார், தோற்றார். தோற்ற பிறகும் யோசனையை விடவில்லை. 1958இல் ஊராரைச் சேர்த்து உதவித்தொகை அமைப்பைத் தொடங்கினார். அது பல ஊர்களுக்குப் பரவி, இன்று ஸ்காலர்ஷிப் அமெரிக்கா என்ற பெரிய அமைப்பாக இருக்கிறது. ஊர்ப்பணம் என்றால் விதிகளும் ஊருடையவை. பெரிய நிறுவனத்தில் ஒரு தேதியை மாற்ற வேண்டுமென்றால் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும்! உங்கள் குழுவில் ஒரே கூட்டத்தில், ஒரே தீர்மானத்தில் மாற்றிவிடலாம்.

பணத்தின் வடிவத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஆஸ்திரேலியாவில், பூரோவா என்ற சிற்றூரில் 1993இல் தொடங்கிய கிராமப்புறக் கல்வி அறக்கட்டளை, உள்ளூர்க் குழுக்கள் வழியாகத்தான் வேலை செய்கிறது. கட்டணம் என்று மட்டும் பார்க்காமல் மடிக்கணினி, புத்தகம், பயணம், தங்கும் இட வாடகை என்றும் உதவுகிறார்கள். தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் உண்டு, பட்டப்படிப்புக்கு மட்டும் என்ற பிடிவாதம் இல்லை. முதல் வாரத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கட்டணம் அல்ல. விடுதி முன்பணம், பயணச் செலவு, ஆய்வுக்கூட உடை மாதிரியான, யாரும் பட்டியலில் போடாத சில்லறைச் செலவுகள்தான்.

அதோடு ஓர் எச்சரிக்கை. வெளியிலிருந்து உதவித்தொகை வருகிறது என்று தெரிந்தால், சில கல்லூரிகள் தாங்கள் தருவதாகச் சொன்ன சலுகையை அதே அளவுக்குக் குறைத்துவிடும். நம் பணம் மாணவருக்குப் போகாமல் கல்லூரியின் செலவை மிச்சப்படுத்தும். அமெரிக்காவில் இது பெரிய பிரச்சினையாகி, மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டது. அனுப்பும் முன் கல்லூரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இடம் பிடிக்கும் தொகை கல்லூரிக்கு, மீதி மாணவரின் கணக்குக்கு என்று பிரிப்பது நல்லது.

முழுத் தொகையையும் முதல் நாளே தீர்த்துவிடவும் வேண்டாம். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2011இல் ஒரு சிறு திட்டம் தொடங்கியது. சிறு பாக்கி கட்ட முடியாமல் வகுப்பிலிருந்து பெயர் நீக்கப்படவிருந்த மாணவர்களைத் தானே தேடிப்பிடித்து, அந்தப் பாக்கியை அடைத்தது. மாணவர் விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. பத்தில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கி வைத்தாலும், இரண்டாம் ஆண்டில் தடுமாறும் ஒருவரை விழாமல் தாங்கிப் பிடித்துவிடலாம்.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்கொடை தருகிறவர்களுக்கு விழா வேண்டும், அது எனக்கும் புரியும். அடுத்த ஆண்டுப் பணம் அங்கேதான் வருகிறது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் அதற்கு முன்பே போயிருக்கட்டும். மேடையில் ஏற விருப்பமுள்ள பிள்ளை ஏறட்டும், பழைய மாணவர் யாராவது வந்து என்ன படிக்கிறோம் என்று பேசட்டும்.

வைப்புத்தொகை வட்டி தாமதமாக வரும் என்ற பொருளாளரின் கவலைக்கு ஒரு வழி சொல்கிறேன், நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம். ஓர் ஆண்டு மட்டும், உறுப்பினர்கள் கைமாற்றாகப் பணம் போட்டு அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொடுத்தோம். வட்டி வந்ததும் அது அடுத்த ஆண்டுக்கான கையிருப்பாக நின்றது. உறுப்பினர்கள் தங்கள் பணத்தை மூன்று ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரே ஒரு முறை பட்ட சிரமம், அதன் பிறகு எங்கள் ஆண்டு ஐந்து மாதம் முன்னால் தொடங்கியது.

இந்த ஆண்டு நன்கொடை கேட்டு எனக்கு வந்திருக்கும் கடிதத்துக்குப் பதிலாகத் தொகையை அனுப்பிவிட்டேன். உறையில் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறேன். விழாவில் முன்வரிசை இருக்கை எனக்கு வேண்டாம். தேர்வு முடிவு வரும் நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரை, மாலை ஆறு முதல் ஒன்பது வரை, பிள்ளைகளும் பெற்றோரும் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டுமல்லவா? அந்த வேலையை எனக்குக் கொடுங்கள். ரசீது கேட்கும் வரியைப் படிவத்திலிருந்து எடுத்துவிட்டால், அழைப்புகள் பாதியாகக் குறையும்.

அன்புடன்,
உங்கள் பழைய பயனாளி ஒருவர்